பாலில்லாத பந்தி

சோறு விற்பதைத் தமிழ்நாட்டார் நெடுங்காலம் மானக்குறைவான தொழிலாகவே எண்ணி வந்தார்கள். அன்னத்தைக் கொடுக்கலாம், விற்கலாகாது என்பது பெரியோர் கொள்கை. ஆனால் பட்டணம் பெருத்து, கல்லூரிகளும் காரியாலயங்களும் பெருகி, ஊரை விட்டு வந்த பிரம்மசாரிகள் பசியோடு தெருவில் நிற்க ஆரம்பித்தபோது அந்தக் கொள்கை சற்றே விட்டுக் கொடுத்தது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் சில குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே பத்து இலையைப் போட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு பரிமாறத் தொடங்கின. அதற்கு 'மெஸ்' என்று பெயர் வந்தது. பணம் கைமாறியது உண்மைதான். ஆனாலும், "இன்னும் ஒரு கரண்டி ரஸம் விடட்டுமா?" என்று வீட்டு அம்மாள் கேட்டபோது, அந்தக் கேள்வியை யாரும் விலைக்கு வாங்கியதாக நினைக்கவில்லை. பாதி வீடு, பாதி ஹோட்டல் என்று சொல்லத்தக்க ஸ்தாபனம் அது.

இப்படிப்பட்ட பந்தி ஒன்று மேல்நாட்டிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை 'ஸப்பர் கிளப்' என்கிறார்கள். இராப்போஜன சங்கம் என்று நாம் மொழிபெயர்த்துக் கொள்ளலாம். சிலர் இன்னும் கொஞ்சம் ரஸம் கூட்டி, 'பாதாள போஜனசாலை' என்றும் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் சுரங்கப் பாதை, கையில் தீவட்டி, காதோடு காதாகச் சொல்லும் அடையாள வார்த்தை எல்லாம் நேயர்களின் மனக்கண்முன் தோன்றினால் அது துப்பறியும் நாவல்களின் குற்றமே தவிர, என் குற்றமன்று. உண்மையில் நடப்பது மிகவும் சாதுவான காரியம். சமையலில் ஆசையுள்ள ஒருவர் மாதத்தில் ஓரிரு நாள் தம் வீட்டு வரவேற்பறையில் பத்துப் பதினைந்து பேருக்குச் சாப்பாடு போடுகிறார். வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொண்ட பிறகே விலாசம் தெரிவிக்கப்படும். பாதாளம் என்பது அவ்வளவுதான்.

லண்டனில் இந்த வழக்கம் சூடு பிடித்தது 2009-ஆம் வருஷத்தில். கில்பர்ன் என்னும் பகுதியில் கெர்ஸ்டின் ராட்ஜர்ஸ் என்ற அம்மாள் தம் வீட்டிலேயே அப்படி ஒரு போஜனசாலையைத் தொடங்கினார். பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. பார்த்தவர்களும் கேட்டவர்களும் தத்தம் வீடுகளில் மேஜையை இழுத்துப் போட்டார்கள். அந்த அம்மாளே பின்னால் பாலும் முட்டையும் சேராத சமையலைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதி 2015-இல் வெளியிட்டார். கியூபா தேசத்தில் இதே காரியம் ருசிக்காக அல்ல, வயிற்றுப் பிழைப்புக்காக நடந்தது. சோவியத் உதவி நின்றுபோய் நாடு தவித்த 1990-களில், குடும்பத்தார் வீட்டுக்குள்ளேயே சாப்பாடு போட்டுப் பணம் சம்பாதித்தார்கள். தடுக்க முடியாது என்று கண்ட அரசாங்கம் அனுமதி கொடுத்து, பன்னிரண்டு நாற்காலிக்கு மேல் போடலாகாது என்று ஒரு விதியையும் சேர்த்துக் கொடுத்தது. நாற்காலியை எண்ணி அரசியல் நடத்திய சர்க்கார் உலகத்தில் வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்துச் சர்க்கார் நாற்காலியை எண்ணுவதில்லை. ஆனால் அடுப்பைப் பார்க்கிறது. வீடானாலும் சரி, மாளிகையானாலும் சரி, அடிக்கடி பணம் வாங்கிக்கொண்டு சமைத்துப் போடுகிறவர் 28 நாளுக்கு முன்பே ஸ்தல ஸ்தாபனத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அதிகாரி வந்து சமையலறையைப் பார்வையிட்டுச் சுத்தத்துக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மார்க்குப் போடுவார். மது விற்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். அந்தத் தொல்லையில் சிக்காமலிருக்கப் பல வீட்டுக்காரர்கள், வேண்டியவர்கள் தங்கள் புட்டியைத் தாங்களே கொண்டுவரலாம் என்று சொல்லி விடுகிறார்கள். பதிவு செய்யாமலே நடத்துகிறவர்களும் உண்டு. ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டு, விலாசத்தை மட்டும் ரகசியமாக வைத்திருப்பவர்களும் உண்டு.

*

நான் சொல்ல வந்த பந்திக்கு மற்றுமொரு விசேஷம் உண்டு. அது 'வீகன்' பந்தி.

இந்தச் சொல்லை உண்டாக்கியவர் எங்கள் வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதைச் சற்றே பெருமையோடு தெரிவித்துக் கொள்கிறேன். அவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். பெயர் டொனால்ட் வாட்ஸன். பையன்களுக்குத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தவர். சிறு பிராயத்தில் தம் சிற்றப்பாவின் பண்ணையில் ஒரு பன்றியைக் கொல்லும்போது அது போட்ட அலறலைக் கேட்டார். அந்தச் சப்தம் அவரை விட்டுப் போகவில்லை. முதலில் மாமிசத்தை விட்டார். பிறகு பாலையும் முட்டையையும் விட்டார். சைவ உணவுச் சங்கத்தார் இவ்வளவு தூரம் வர இசையவில்லை. ஆகவே 1944-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், உலக யுத்தமும் ரேஷனும் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, லண்டனில் ஹோபர்ன் பகுதியில் ஐந்தாறு பேர் கூடித் தனிச் சங்கம் ஒன்று ஸ்தாபித்தார்கள். அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களையும் கடைசி இரண்டு எழுத்துக்களையும் வெட்டி ஒட்டி 'வீகன்' என்று வைத்தார்கள். தச்சர் அல்லவா? நடுவில் இருந்த வேண்டாத மரத்தை வாட்ஸன் இழைத்துத் தள்ளிவிட்டார். அவர் 95 வயது வரை ஜீவித்து 2005-இல் காலமானார்.

பாலை ஏன் விட வேண்டும் என்று நம்மவர்கள் கேட்பார்கள். பசு நமக்குத் தாய். பால் அவள் மனமுவந்து தருவது. இதில் ஹிம்சை எங்கே என்பார்கள். வீகன்காரர்களின் பதில் சுருக்கமானது. பசு கன்று போட்டால்தான் பால் சுரக்கும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக் கன்று. அது பால் கொடுக்காது. டிராக்டர் வந்த பிறகு அதற்கு ஏரிலும் வேலை இல்லை. அது எங்கே போகிறது? இங்கிலாந்தின் பெரிய பண்ணைகளில் கன்றைப் பிறந்த ஓரிரு நாளுக்குள் தாயிடமிருந்து பிரித்து விடுவதே வழக்கம். கறவை வற்றிய பசுவும் கடைசியில் கசாப்புக் கூடத்துக்குத்தான் போகிறது. ஆகையால் பால் டம்ளருக்கும் இறைச்சிக் கடைக்கும் நடுவே நாம் நினைக்கும் தூரம் இல்லை என்கிறார்கள். உலகத்திலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் தேசம் நம் இந்தியா. எனவே இந்தக் கேள்வியைச் சீமைக்காரர்களின் விசித்திரம் என்று தள்ளிவிட நமக்கு நியாயம் இல்லை.

நம்மில் ஒருவர் இதை அவர்களுக்கு முன்பே எண்ணிப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறார். மகாத்மா காந்தி 1912-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை அறவே விட்டார். மாடுகளைக் கறவைக்காரர்கள் படுத்தும் பாட்டைப் பற்றி அறிந்தது அதற்கு ஒரு காரணம். பிறகு 1918-19-இல் கடும் நோயாய்ப் படுத்து, எலும்பும் தோலுமாகிவிட்டபோது, விரதம் பசும்பாலையும் எருமைப் பாலையும் பற்றியது தானே, ஆட்டுப்பால் சாப்பிடலாமே என்று கஸ்தூரிபா ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார். காந்தி ஒப்புக்கொண்டார், உயிர் பிழைத்தார். ஆனால் விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டு விட்டோமே என்று அந்த விஷயம் அவரைக் கடைசி வரை உறுத்திக்கொண்டிருந்தது.

அதே காந்தி வாலிபராக லண்டனில் பசியோடு அலைந்த கதை நேயர்களுக்குத் தெரியும். 1888-இல், தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ போஜனசாலை தேடினார். கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். அங்கேதான் ஹென்றி ஸால்ட் எழுதிய புஸ்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். அங்கேதான் இங்கிலாந்துக்கு வந்தபின் முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டார். ஸ்மித்பீல்ட் என்னும் மாபெரும் இறைச்சிச் சந்தை அந்தத் தெருவை ஒட்டியே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1891-இல் ஊர் திரும்புமுன் அவர் தம் சைவ நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், மாமிசம் பரிமாறும் ஹோபர்ன் ஹோட்டல்! அந்த ஹோட்டல்காரர்களைக் கொண்டே சைவ சாப்பாடு சமைக்கச் சொன்னார். வாட்ஸன் கோஷ்டியார் பிற்காலத்தில் கூடிய அதே ஹோபர்ன்தான்.

*

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு சென்ற வருஷம் லண்டன் நகரில் ஒரு வீட்டுப் படியேறினேன். என் தமக்கை மகள் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறாள். விடுமுறையில் அவளைப் பார்க்கச் சென்றிருந்தேன். "மாமா, உங்களுக்கும் சேர்த்து இடம் பதிவு செய்துவிட்டேன், வராமல் இருக்கக் கூடாது" என்றாள். வெறுங்கையோடு போக மனம் வராமல், ஊரிலிருந்து என் மனைவி கட்டிக் கொடுத்த பலகாரங்களில் ஏதாவது எடுத்துப் போகலாம் என்று பார்த்தோம். குழந்தை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கி வைத்தாள். மைசூர்பாகு - நெய். முறுக்கு - வெண்ணெய் போட்டுப் பிசைந்தது. மோர் மிளகாய் - பெயரிலேயே இருக்கிறது. நாம் சுத்த சைவம் என்று மார்தட்டும் பெட்டியில் மிஞ்சியது வெல்லம் போட்ட எள்ளுருண்டை ஒன்றுதான்!

வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளில் அது ஒன்று. வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பகலில் ஒரு நூல்நிலையத்தில் வேலை பார்க்கிறவர். இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஒரே துணி விரித்திருந்தார். பதினான்கு நாற்காலிகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. வாசலருகே ஒரு பிஸ்கட் டப்பா. இன்னும் பணம் கட்டாதவர்கள் அதில் போடலாம். நான் நீட்டிய எள்ளுருண்டையை வாங்கி, என்னென்ன சேர்ந்தது என்று விசாரித்து, ஒரு சீட்டில் எழுதித் தட்டின்மேல் வைத்தார். பிறகு மேஜைக்கு வந்து, "எள் ஒவ்வாதவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். ஓர் இளம் பெண் கையை உயர்த்தினாள். அவள் இருந்த கோடிக்கு அந்தத் தட்டு கடைசி வரை போகவே இல்லை.

சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள். பீட்ரூட்டை அடுப்பில் சுட்டு, கொட்டைப் பருப்பு தூவிக் கொடுத்தார்கள். வெள்ளை மொச்சை போன்ற ஒரு பருப்பைப் பூண்டோடு மசித்து வந்தது. முழுக் காலிபிளவரைப் பொன்னிறமாக வாட்டி, எள் விழுதை மேலே ஊற்றியிருந்தார்கள். முந்திரிப் பருப்பை ஊற வைத்து அரைத்துப் புளிக்க வைத்த பாலாடைக்கட்டி ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் வித்தியாசம் தெரியாது, திறந்துகொண்டு தின்றால் சிறிது தெரியும். கடைசியில் வெண்ணுரை போன்ற ஒரு தித்திப்பு வந்தது. முட்டையின் வெண்கருவை அடித்துச் செய்வது போலவே இருந்தது. எதனால் ஆனது என்று கேட்டேன். கொண்டைக்கடலை வேக வைத்த தண்ணீர் என்றார்கள்! நம் வீடுகளில் சுண்டலை வடித்துக் கீழே கொட்டும் அதே தண்ணீரைச் சர்க்கரை சேர்த்து அடித்தால் நுரையாய் நிற்கிறதாம். 2014-15-இல்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் இதைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் பிரமாதமாகவே இருந்தது. ஆனால் மோர் இல்லாத சாப்பாட்டுக்கு முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று தெரியாமல் தமிழன் வயிறு சற்றுத் திகைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பருத்த தோள்கள், பேச்சில் லண்டன் தெருவின் வாடை. பேத்தி அழைத்து வந்தாளாம். என்ன உத்தியோகத்தில் இருந்தீர்கள் என்று கேட்டேன். "ஸ்மித்பீல்ட் சந்தையில் முப்பது வருஷம் இறைச்சி சுமந்தேன்" என்றார். எதிரே இருந்த ஓர் இளைஞனின் முகம் மாறிற்று. மேஜையில் ஒரு கணம் பேச்சு நின்றது. சமையலறையிலிருந்து வந்த வீட்டு அம்மாள் அதைக் கவனித்தார். எதுவும் சொல்லவில்லை. பாத்திரத்தோடு நேரே கிழவரிடம் வந்து, "இரவு இரண்டு மணிக்கே வேலைக்குப் போவீர்களாமே, அந்நேரத்தில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டபடியே இன்னும் இரண்டு கரண்டி பரிமாறினார். கிழவர் சொல்ல ஆரம்பித்தார். பனிக் காலத்தில் விறைத்துப் போகும் விரல்கள், தோள் தோலை உரிக்கும் சுமை, விடியற்காலையில் குடிக்கும் கொதிக்கும் தேநீர். சற்று நேரத்தில் அந்த இளைஞனும் தலையை முன்னே நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் எழுந்த பிறகு அந்த அம்மாளிடம் கேட்டேன்: "கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்ட தாங்கள், வருகிறவர்களிடம் நீங்கள் என்ன சாப்பிடுகிறவர்கள் என்று கேட்பதில்லையா?"

அவர் சிரித்தார். "எதற்காகக் கேட்க வேண்டும்? என் அடுப்பில் வேகிறதற்கு நான் பொறுப்பு. அவர் வீட்டு அடுப்புக்கு அவர் பொறுப்பு. எனக்கு வேண்டியதெல்லாம், எது ஒவ்வாது, எது தின்றால் உயிருக்கு ஆபத்து என்பதுதான். அதை மட்டும் மூன்று தடவை கேட்பேன்" என்றார்.

*

மூன்று தடவை கேட்பது வீண் ஜாக்கிரதை அன்று. பதினான்கு வகைப் பொருள்களைக் குறித்து உண்பவருக்கு எச்சரிக்கை செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இருக்கிறது. பால், முட்டை, வேர்க்கடலை, எள், கோதுமை, ஸோயா, கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடுகு கூடவா என்று நம் வீட்டுத் தாளிப்புக் கரண்டி ஆச்சரியப்படும்! ஆனால் இது சிரிக்கிற விஷயமல்ல. 2017-ஆம் வருஷத்துக் கடைசியில், பால் சற்றும் ஒவ்வாத ஒரு ஸ்திரீ, பாலில்லாதது என்று நம்பிக் கடையில் வாங்கிய உணவைத் தின்று உயிரிழந்தார். அதில் சேர்ந்த ஒரு பொருளில் பாலின் அம்சம் கலந்திருந்ததென்று பிறகு நடந்த விசாரணையில் தெரிய வந்தது. கொள்கைக்காகப் பாலை விலக்குகிறவனுக்கு ஒரு சொட்டுத் தவறினால் மனம் வருந்தும். உடல் ஒவ்வாதவருக்கோ உயிரே போகிறது. முன்பின் அறியாதவர் சமைத்ததை எடுத்து வாயில் வைப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை அந்த மரணம் உணர்த்துகிறது. அந்த நம்பிக்கைக்குத் தக்கவராக இருப்பதுதான் சமைப்பவரின் முதல் விரதம்.

கொள்கை உடையவர் தம் உடம்பையும் கவனிக்க வேண்டும். பாலும் முட்டையும் மீனும் மாமிசமும் அறவே விட்டவர்களுக்கு 'பி 12' என்னும் வைட்டமின் சாதாரண உணவில் போதிய அளவு கிடைப்பதில்லை; மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவுகளின் மூலமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர்களும், அந்தச் சங்கத்தாரும் சொல்கிறார்கள். கேவலம் உத்ஸாகத்தினால் மட்டும் குழந்தைகளுக்குப் பாலை நிறுத்திவிட வேண்டாமென்று தாய்மார்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

1931-இல் காந்தி மறுபடியும் லண்டனுக்குச் சென்றபோது சைவ உணவுச் சங்கத்தார் அவருக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள். வாலிபத்தில் அவர் மனத்தைத் திருப்பிய ஹென்றி ஸால்ட், வயோதிகராய் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். உடல் நலத்துக்காகச் சைவம் என்பது நிலைக்காது, தர்மத்தின் அடிப்படையில் நின்றால்தான் நிலைக்கும் என்று காந்தி எடுத்துரைத்தார். அத்தோடு நிற்கவில்லை. பிறரைத் தம் வழிக்குக் கொண்டுவர விரும்பும் சைவர்கள் பொறுமையும் அடக்கமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். விருந்தாளியின் வயிற்றைச் சோதனை போடுவது அந்தப் பொறுமையில் சேராது.

இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்ட லண்டன் வரை போக வேண்டியதும் இல்லை. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ஆம் வருஷம் மே மாதம் தருமசாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிந்து வருகிறது. புலால் மறுப்பில் அவரைக் காட்டிலும் உறுதி உடையவர் யார்? 1872-இல் அவர் திறந்த ஞான சபைக்குள் கொலையும் புலையும் தவிர்த்தவர்களே புகலாம் என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆனால் தருமசாலைக்கு அந்த நிபந்தனை இல்லை. பசித்து வந்தவன் எந்த ஜாதி, எந்த மதம், எந்த நடத்தை உள்ளவன் என்று அங்கே விசாரிப்பதில்லை. பசி ஒன்றே அங்கே அனுமதிச் சீட்டு. வழிபாட்டுக்கு ஒரு நியமம். பந்திக்கு மற்றொரு நியமம். இந்த வித்தியாசத்தை அடிகள் எவ்வளவு நுட்பமாக வைத்துச் சென்றிருக்கிறார்!

நாம் அதைக் குழப்பிக் கொண்டோம். சமையலறைக்கு உரிய விரதத்தைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தோம். ஒரு காலத்தில் நம் ஹோட்டல்களில் ஜாதிக்கொரு பகுதி இருந்தது. தேசத் தொண்டர்களை உருவாக்க எழுந்த சேரன்மாதேவி குருகுலத்திலே கூட, பிள்ளைகளில் சிலருக்குத் தனிப் பந்தி என்ற சங்கதியால் 1924-25-இல் பெரும் கிளர்ச்சி உண்டாயிற்று. அந்தப் பகுதிகளும் பலகைகளும் போய்விட்டன. அதற்குப் பதிலாக இன்று சென்னையில் வாடகை வீடு தேடிச் செல்கிறவர் வேறொரு பலகையைப் பார்க்கிறார்: 'சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும்.' வீட்டுக்குச் சொந்தக்காரர் ஜீவகாருண்யத்தை உத்தேசித்துத்தான் அதை எழுதினார் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் அவரே காலையில் எழுந்ததும் காப்பிக்காகப் பால் பாக்கெட்டை எடுக்கிறார். அந்தக் காளைக் கன்று எங்கே போயிற்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கன்றைப் பற்றி வராத விசாரணை, குடிவருகிறவரின் குழம்புச் சட்டியைப் பற்றி மட்டும் ஏன் வருகிறது? அந்தப் பலகையின் பின்னால் பழைய பலகையே ஒளிந்திருக்கிறது என்று குடிவர நினைத்தவர் சந்தேகித்தால், அவரை எப்படிக் குறை சொல்வது?

என் வகுப்புப் பையன் ஒருவன் மத்தியானத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். டப்பாவைத் திறந்தால் பக்கத்துப் பையன்கள் மூக்கைப் பிடித்துக் கொள்வார்களோ என்று அவனுக்குப் பயம். அவன் டப்பாவில் இருப்பது கருவாட்டுக் குழம்பு. அவன் தாயார் விடியற்காலையில் எழுந்து அன்போடு வைத்தது. மூக்கைப் பிடிப்பதற்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து கற்றுக்கொண்டு வருகிறார்கள். கொல்லாமையைக் கற்பிக்க எண்ணிய பெற்றோர் தங்களை அறியாமலே கற்பித்தது வேறொன்று.

மாமிசம் தின்பதோ விடுவதோ, பாலை விடுவதோ வைத்துக்கொள்வதோ அவரவர் மனச்சாட்சியின் காரியம். விட முடிந்தவர்கள் விடட்டும். அது நல்ல காரியம். தேங்காய்ப்பாலில் பாயசமும், நல்லெண்ணெயில் புளியோதரையும் தெரிந்த நம் ஸ்திரீகளுக்கு வீகன் சமையல் பெரிய வித்தை அல்ல. நினைத்தால் ஒரு வாரத்தில் சீமைக்காரர்களைத் தோற்கடித்து விடுவார்கள். ஆனால் விரதம் எடுத்துக் கொள்கிறவர் அதன் பாரத்தைத் தாமே சுமக்க வேண்டும். பந்திக்கு வருகிறவர் தலையில் ஏற்றலாகாது. இதைத்தான் பெயர்ப் பலகை இல்லாத அந்த வீட்டில் கண்டேன்.

வீட்டுக்கு ஒருவர் வந்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதுதான் தமிழ் மரபு. "என்ன சாப்பிடுகிறவர்கள்?" என்ற கேள்வி எப்படியோ இடையில் வந்து சேர்ந்தது. பழைய கேள்வியே போதும்.